வே.பே.எஸ். விண்ணப்பம்: ஒரு சிறிய ஊரின் நகரசபைச் சேவையும் வீட்டு நிறுவனத்தின் சேவையும்

ஜேர்மனியில் அரச நிதியுதவியுடன் கட்டப்பட்ட வீட்டில் குறைந்த வாடகைக்குக் குடியேற வேண்டுமானால், நம்மவர்கள் சுருக்கமாக வே.பே.எஸ். என்று சொல்லும் வோன்பெரெஷ்டிகுங்ஸ்ஷைன், அதாவது குடியிருப்பு உரிமைச் சான்றிதழ், கையில் இருக்க வேண்டும். ஹாம் நகரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள சிறிய ஊரொன்றில் வாழும் நாங்கள் நால்வரும், அதாவது நானும் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், அந்தச் சான்றிதழைப் பெற்று, அதன் பிறகு எட்டு மாதங்கள் தேடி, ஒரு வீட்டையும் பெற்றோம். நகரசபையின் வீட்டுப் பிரிவையும் வீடு தந்த நிறுவனத்தையும் நான் தனித்தனியாகவே மதிப்பிடுகிறேன். முதலாவதன் சேவை மிக நன்று. இரண்டாவதைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு. சான்றிதழ் கிடைத்தால் நகரசபையே வீட்டையும் தந்துவிடும் என்று எண்ணிக் காத்திருந்து, அதன் ஓராண்டுக் காலத்தை வீணாக இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகவே இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பல ஆண்டுகளாக விண்ணப்பிக்காமலே இருந்ததற்குக் காரணம், எங்கள் வருமானம் இந்தச் சான்றிதழுக்கான வருமான எல்லையைத் தாண்டிவிடும் என்ற தவறான எண்ணம்தான். சம்பளப் பத்திரத்தில் உள்ள மொத்தத் தொகையை எல்லைத் தொகையோடு நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்து, "நமக்குக் கிடைக்காது" என்று விட்டுவிட்டோம். கணக்கு அப்படிப் போடப்படுவதில்லை. 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஆண்டுச் சம்பளத்திலிருந்து முதலில் தொழில்சார் செலவுக்கான 1,230 யூரோ கழிக்கப்படும். வருமான வரி, நோய்க் காப்புறுதி, ஓய்வூதியக் காப்புறுதி ஆகிய மூன்றும் செலுத்துபவருக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்து வீதம் மேலும் கழிக்கப்படும். ஒருவர் மட்டும் உழைக்கும் குடும்பத்தில் ஆண்டுச் சம்பளம் 36,000 யூரோ என்று வைத்துக்கொண்டால், கணக்கில் எஞ்சுவது 24,339 யூரோ மட்டுமே. அதே சட்டம் இருவருக்கு 18,000 யூரோவையும், மேலதிகமான ஒவ்வொருவருக்கும் 4,100 யூரோவையும், ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னும் 500 யூரோவையும் அனுமதிப்பதால், இரண்டு பிள்ளைகள் உள்ள நால்வருக்கு எல்லை 27,200 யூரோ. இது அடிப்படை எல்லை மட்டுமே. மாநிலங்கள் இதை மாற்றிக்கொள்ளலாம், எங்கள் நோர்ட்ரைன் வெஸ்ற்ஃபாலன் மாநிலத்தின் எல்லைகள் இதைவிட உயர்ந்தவை. பிள்ளைகளுக்கான கிண்டர்கெல்ட் பணமும் வருமானமாக எண்ணப்படுவதில்லை. இவ்வளவையும் வீட்டுப் பிரிவின் அலுவலர் பென்சிலால் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, நாங்கள் இழந்த ஆண்டுகளை எண்ணி மனம் கனத்தது.

அந்த அலுவலரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். பெரிய நகரங்களில் இணையத்தில் நேரம் பதிவு செய்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளதாக உறவினர்கள் சொல்கிறார்கள். எங்கள் ஊரின் றாட்ஹவுஸில், அதாவது நகரசபைக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் ஒரே ஓர் அறை, ஒரே ஓர் அலுவலர். என் ஜேர்மன் மொழி தடுமாறிய இடங்களில் அவர் அவசரப்படவில்லை. படிவத்தில் நிரப்பாமல் விட்டிருந்த கட்டங்களைப் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாக விளக்கினார். விண்ணப்பப் படிவம், உழைக்கும் ஒவ்வொருவருக்கும் வருமான அறிக்கை, அடையாள அட்டை அல்லது வதிவிட அனுமதியின் பிரதி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கட்டணம் சிறிய தொகைதான். இவற்றுள் காலத்தை இழுத்தது, வேலை தருபவர் நிரப்பிக் கையொப்பமிட வேண்டிய சம்பளச் சான்று மட்டுமே. நான் வேலை செய்யும் களஞ்சியத்தின் கணக்குப் பிரிவு வேறு நகரத்தில் இருப்பதால், அந்த ஒரு தாள் திரும்பி வர ஐந்து வாரங்கள் ஆயின. விண்ணப்பிக்க எண்ணுபவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். அது வந்து சேர்ந்த ஒன்பதாம் நாளில் சான்றிதழ் தபாலில் வந்தது.

சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். வீடு தேடுவது நம் பொறுப்பு. பெரிய நகரத்தில் வரிசை நீளம். சிறிய ஊரில் வரிசை குறுகியது, ஆனால் வீடே இல்லை. ஜேர்மனி முழுவதிலும் 2006இல் ஏறத்தாழ 21 இலட்சமாக இருந்த இத்தகைய சமூகக் குடியிருப்புகள் 2022இல் ஏறத்தாழ 11 இலட்சமாகக் குறைந்துவிட்டன. அரச கடனுடன் கட்டப்பட்ட வீட்டுக்கு வாடகைக் கட்டுப்பாடு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே உண்டு. அந்தக் காலம் முடிந்ததும் அது மற்ற வீடுகளைப்போல் ஆகிவிடுகிறது. எங்கள் ஊரில் இத்தகைய வீடுகள் எந்தத் தெருக்களில் எஞ்சியுள்ளன, அவை யாருடையவை என்பது அந்த ஓர் அலுவலருக்கு மனப்பாடம். நான் கேட்டதும் நான்கு தெருக்களின் பெயரை எழுதித் தந்தார். கேட்டிருக்காவிட்டால் விளம்பரங்களையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எங்கள் வீடு எந்த விளம்பரத்திலும் வரவில்லை.

வீட்டு நிறுவனத்தோடுதான் சிக்கல் வந்தது. எங்கள் மாநிலத்தில் தனியாள் ஒருவருக்கு 50 சதுர மீற்றர், இருவருக்கு இரண்டு அறைகள் அல்லது 65 சதுர மீற்றர், அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை அல்லது 15 சதுர மீற்றர் என்பது அளவு. சமையலறையும் குளியலறையும் அறைக் கணக்கில் சேராது. ஆகவே நால்வரான எங்கள் சான்றிதழில் "நான்கு அறைகள் அல்லது 95 சதுர மீற்றர்" என்று அச்சிடப்பட்டிருந்தது. நிறுவனத்திடம் காலியாக இருந்தது நான்கு அறைகள் கொண்ட, 98 சதுர மீற்றர் வீடு. அங்கிருந்த பணியாளர் 95 என்ற எண்ணை மட்டும் விரலால் தொட்டுக் காட்டி, மூன்று சதுர மீற்றர் கூடுதல் என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார். தாளில் அந்த எண்ணுக்கு முன்னால் "ஓடர்", அதாவது "அல்லது", என்ற சொல் இருப்பதை நான் காட்டியும் அவர் ஏற்கவில்லை. மறுநாள் நகரசபை அலுவலர் தொலைபேசியில் பேசி, அறைகளின் எண்ணிக்கை பொருந்தினாலே போதும் என்பதை நிறுவனத்துக்கு எழுத்திலும் அனுப்பிய பிறகுதான் எங்கள் கோப்பு மீண்டும் திறக்கப்பட்டது. தன் சொந்த வீடுகளுக்குரிய விதியை அந்த நிறுவனம் அறிந்திருக்க வேண்டும். மொழி தெரியாத ஒரு வயோதிபர் தனியாகச் சென்றிருந்தால், அந்த நாளோடு திரும்பி வந்திருப்பார்.

அதன் பிறகு, வாடகைப் பாக்கி இல்லை என்று பழைய வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கி வரும்படி சொன்னார்கள். எங்கள் பழைய வீட்டுக்காரர் தர மறுத்துவிட்டார். அப்படியொரு கடிதத்தைத் தர வேண்டிய கடமை வீட்டுக்காரருக்குப் பொதுவாக இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே தீர்ப்பளித்துவிட்டதால், அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கறிக்கைகளில் வாடகை வரிகளை மட்டும் மஞ்சள் நிறத்தால் கோடிட்டு, மற்றவற்றை மறைத்துக் கொடுத்தோம், அதை ஏற்றுக்கொண்டார்கள். முதலிலேயே அதைக் கேட்டிருந்தால் மூன்று வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

வீட்டைப் பொறுத்தவரை எனக்கு முழு மனநிறைவு. சுவர்கள் உலர்ந்தவை, ஜன்னல்கள் புதியவை, பாடசாலைக்கு நடந்தே போகலாம். ஆனால் இந்நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒன்றை அறிந்திருங்கள்: சமையலறை என்று திறந்து காட்டப்பட்ட இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் சுவரில் ஒரு மின் இணைப்பும் மட்டுமே இருந்தன. அடுப்பு, தொட்டி, அலுமாரி எல்லாம் நாமே வாங்க வேண்டும். அறைகளின் கூரையில் விளக்குகளுக்குப் பதில் வெறும் வயர்களே தொங்கும். அந்தச் செலவும் முற்பணமும் ஒரே மாதத்தில் வந்து விழும். முற்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அதை மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் செலுத்தும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஒரே தடவையில் கேட்டாலும் இந்த உரிமையைச் சொல்லித் தவணையில் செலுத்துங்கள். நாங்கள் அப்படியே செய்தோம்; மறுப்பு வரவில்லை.

வோன்கெல்ட் என்ற வாடகை உதவிப் பணம் இதிலிருந்து வேறானது. அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். 2023 ஜனவரியில் செய்யப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு முன்னர் கிடைக்காத பலருக்கும் அது கிடைக்கிறது என்பதால், வே.பே.எஸ். எடுக்கப் போகும் நாளிலேயே அதையும் கேட்டுப் பாருங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன், இந்த வீட்டின் வாடகைக் கட்டுப்பாடு எந்த ஆண்டு முடிகிறது என்று நிறுவனத்திடம் கேட்டேன். பணியாளருக்குத் தெரியவில்லை. நகரசபை அலுவலர் தன் பதிவைப் பார்த்துச் சொன்னார்: இன்னும் பதினோராண்டுகள். அப்போது ஒப்பந்தம் முறியாது. ஆனால் வாடகை, ஊரின் மற்ற வாடகைகளின் அளவை நோக்கிப் படிப்படியாக உயரலாம், மூன்றாண்டுகளுக்குள் பொதுவாக இருபது வீதத்துக்கு மேல் கூட்ட முடியாது என்றும் விளக்கினார். அந்த ஆண்டை நான் ஒப்பந்தத்தின் முதற்பக்க ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அப்போது எங்கள் இளைய மகளுக்கு வயது பதினெட்டு ஆகியிருக்கும்.