வளவு வீட்டில் போர்ட்டபிள் ஏசி: நான்கு கோடைக்குப் பிறகு

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில், வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நான்கு கோடையாக ஒரு டன் போர்ட்டபிள் ஏசி ஓட்டுகிறேன். ஸ்பிளிட் போடத்தான் ஆசை. ஆனால் வீடு பங்காளிகளுக்குப் பொது. சுவரில் துளை என்று வாயைத் திறந்ததுமே சென்னையிலிருந்து ஒருவர், மலேசியாவிலிருந்து ஒருவர் போனில் வந்துவிட்டார்கள். முட்டை வெண்கரு கலந்து இழைத்த பூச்சு, அவர்கள் கோபமும் நியாயம்தான். ஜன்னல் ஏசிக்கும் வழியில்லை, தேக்கு ஜன்னலில் வரிசையாக இரும்புக் கம்பி.

சூடான காற்றை வெளியே தள்ளும் குழாய் அந்தக் கம்பிகளுக்கு நடுவே நுழையவே இல்லை. கடைக்காரர் “அறைக்குள்ளேயே விட்டாலும் ஓடும் சார்” என்றார். ஓடும், குளிராது. ஒரு பிளைவுட் பலகையை ஜன்னல் அளவுக்கு அறுத்து, குழாய்க்கு வட்டம் வெட்டி, கம்பிக்கு உட்பக்கம் சாத்தினேன். காற்று கம்பி இடுக்கு வழியே போய்விடுகிறது.

முதல் கோடை முழுக்க ஏமாற்றம். கத்திரி வெயிலில் இரவு பதினொன்றுக்கும் அறை 30 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஒருநாள் கரண்ட் வந்து ஏசி ஓடத் தொடங்கிய நேரம், சாமி மாடத்து ஊதுபத்தி கையில் இருந்தது. கதவின் அடியில் பிடித்துப் பார்த்தேன். புகை தரையோடு வளைந்து சரசரவென்று உள்ளே ஓடியது. அப்போதுதான் உறைத்தது. ஒற்றைக் குழாய் ஏசி, அறையில் இருக்கும் காற்றையே எடுத்துத் தன் சூட்டை ஏற்றி வெளியே துப்புகிறது. போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தே தீரும். எனக்கு வந்தது நாள் முழுக்க வெயில் குடித்த முற்றத்துக் காற்று!

முற்றத்துக் கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்தேன். பக்கவாட்டில் ஜன்னலே இல்லாத சாமான் அறைக் கதவை மட்டும் விரல்கடை திறந்து வைத்தேன். அங்கே மே மாதத்திலும் கும்மென்று குளிர்ச்சி. உள்ளே வரும் காற்று அங்கிருந்து வரட்டும் என்று விட்டதில்தான் பாதிக் காரியம் முடிந்தது. இன்று வாங்குவதென்றால், வெளிக்காற்றை இழுக்கத் தனிக் குழாய் உள்ள இரட்டைக் குழாய் மாடல்தான் பார்ப்பேன்.

மீதிப் பாதி சிங்கப்பூர் மைத்துனர் தயவு. அவருக்குப் பாய்மரப் படகுப் பைத்தியம். சின்னப் படகின் உள்ளறையில் ஏசி போடுகிறவர்கள்கூட முதலில் மேல்தளத்துக்கு மேல் துணிப்பந்தல் கட்டுவார்களாம். படகு ஏசி சூட்டைக் கடல்நீரில் இறக்கிவிடும். பம்பு வடிகட்டியில் பாசி அடைத்தால் நின்றுபோகும். நமக்குக் கடலும் இல்லை, பாசியும் இல்லை, பந்தல் மட்டும் உண்டு. மேற்குச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளித் தென்னங்கீற்றுத் தட்டி நிறுத்தினேன், ஜன்னலுக்கு நேரே மட்டும் இடம் விட்டு. தடிமனான சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் திருப்பித் தருகிறது, அதனால் வாங்கவிடாமல் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

பதினான்கு அடி உயர அறையை மேலேவரை குளிர்வித்து யாருக்கு என்ன லாபம்? எட்டடி உயரத்தில் வெள்ளைத் துணியில் மேற்கட்டி கட்டினேன். பார்த்ததும் அப்பத்தா, “என்னடா, உள்ளுக்குள்ளேயே கல்யாணமா?” என்றார். இப்போது மதியத் தூக்கம் அவருக்கு அங்கேதான். இரவு 26 வைத்தால் போர்வை தேடுகிறோம். முன்பு ராத்திரிக்குப் பத்து யூனிட் போனது, இப்போது ஆறு, ஏழு.

குறைகள் இல்லாமல் இல்லை. கம்ப்ரஸர் அறைக்குள்ளேயே இருப்பதால் கிரைண்டர் பக்கத்தில் படுத்த மாதிரி சத்தம். ஐப்பசி மழையில் ஈரக் காற்று என்றால் தண்ணீர் தொட்டி சீக்கிரம் நிறைந்து, நடு இரவில் தானாக நின்றுவிடும். வாளியோடு எழ வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவாவிட்டால் முனகும். பழைய வயரிங்கை நம்பவே கூடாது, மீட்டர் பலகையிலிருந்து தனி லைன் இழுத்தேன். வெட்டிவேர் தட்டியை நனைத்துக்கொண்டே ஏசியும் போட்டுப் பார்த்தேன், அறை பிசுபிசுத்ததுதான் மிச்சம்.

அடுத்த கல்யாணத்துக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடும்போது ஸ்பிளிட் பேச்சை மறுபடி எடுப்பேன். அவர்களை அந்த அறையிலேயே, மேற்கட்டியை அவிழ்த்துவிட்டுப் படுக்க வைப்பதாக உத்தேசம்.