முகர்ந்து பார்க்கச் சொல்லும் நூலகம்: ஒரு பைண்டரின் மதிப்பீடு

எனக்குத் தொழில் புத்தக பைண்டிங். முதுகு பிரிந்தது, தையல் அறுந்தது, பூச்சி அரித்தது என்று பழைய புத்தகங்கள்தான் தினமும் மேசைக்கு வரும். ஒரு பெரிய நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவில், அரிய நூல்களையும் ஆவணங்களையும் தொட்டு, முகர்ந்து, கேட்டு அறிய ஓர் அமர்வு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சரி, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று பதிவு செய்துவிட்டுப் போனேன். போக வேண்டிய அமர்வுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லா மேசையிலும் ஒரே அளவு நேரம் நிற்கத் தேவையில்லை. எங்கே நிற்கலாம், எங்கே நகர்ந்துவிடலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்பாடுகள் வழக்கமான ஆவணக்காப்பக ஏற்பாடுகள்தான். பையை வெளியே பூட்டி வைக்க வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். புத்தகங்கள் சாய்வான ஸ்பாஞ்சுத் துண்டுகளின் மேல் கிடக்கும். பக்கம் தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க, துணியால் மூடிய ஈயக்குண்டுச் சரம் ஒன்றை அதன் மேல் போட்டிருப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “வெள்ளைக் கையுறை தரமாட்டீர்களா?” சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோம். தரமாட்டார்கள், அதுதான் சரி. பிரிட்டிஷ் நூலகம் போன்ற பெரிய நிறுவனங்களே சுத்தமான, உலர்ந்த வெறுங்கையைத்தான் பரிந்துரைக்கின்றன. பருத்திக் கையுறை போட்டால் விரல் மரத்துவிடும். தாளின் ஓரம் எங்கே நைந்திருக்கிறது என்று தெரியாது, கையுறையின் நூல் மாட்டி அந்த ஓரமே கிழியும். புகைப்படத்துக்கும் உலோகத்துக்கும் மட்டும் வேறு வகைக் கையுறை கொடுத்தார்கள். விரலைத் தீட்டி வைத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவனுக்கு இதைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது.

நான் அதிக நேரம் நின்றது தாள் மேசையில். இரண்டு உதிரித் தாள்களை அருகருகே வைத்திருந்தார்கள். ஒன்று 17-ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து கழன்றது. இன்னொன்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த செய்தித்தாள் துண்டு. வயதில் இருநூறு ஆண்டுக்கு மேல் மூத்த தாள், நேற்று செய்ததுபோலத் தெம்பாக இருக்கிறது. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் சல்லடைக் கம்பியின் கோடுகள் வரிவரியாகத் தெரிகின்றன, நடுவில் ஒரு நீர்க்குறி. இந்த நீர்க்குறி வழக்கம் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் ஃபப்ரியானோவில் தொடங்கியது. ஓரத்தைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சலசலவென்று கெட்டியான ஒரு சத்தம். கந்தல் துணியை அடித்துக் கூழாக்கி, தாளாக வார்த்து, விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசைநீரில் தோய்த்து எடுத்த தாள் அப்படித்தான் பேசும்.

செய்தித்தாளில் அந்தச் சத்தமே இல்லை. மடித்த இடத்தில் ஏற்கெனவே உடைந்திருந்தது. கிழியவில்லை, உடைந்திருந்தது. காரணம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1807-இல் ஜெர்மனியைச் சேர்ந்த இல்லிக் என்பவர், தோல் பசைக்குப் பதிலாகப் படிகாரமும் பைன் பிசினும் போட்டால் மை ஊறாமல் நிற்கும் என்று வழி சொன்னார். 1844-இல் அதே நாட்டில் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காட்டினார். தாள் மலிந்தது, செய்தித்தாளும் பாடப்புத்தகமும் எல்லோர் கைக்கும் வந்தன. ஆனால் படிகாரம் கொண்டுவந்த அமிலம் உள்ளிருந்தே தாளை அரிக்கிறது, மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதைப் பழுப்பாக்குகிறது. இப்படிப்பட்ட புத்தகத்தைத் தைக்க உட்கார்ந்தால் ஊசி போன வழியிலேயே பக்கம் பிய்ந்து வரும். “நல்ல நூலாப் போட்டுத் தைங்க” என்று வாடிக்கையாளர் சொல்வார். நூல் நன்றாகத்தான் இருக்கும், தாள்தான் தாங்காது. இதை வாயால் சொல்லி யாருக்கும் புரியவைத்ததில்லை. இங்கே அந்த இரண்டு தாளையும் தொட்ட ஒரு கல்லூரிப் பையனுக்கு நொடியில் புரிந்துவிட்டது.

பக்கத்து மேசையில் தோல்தாள், அதாவது கன்று அல்லது ஆட்டின் தோலைப் பதனிடாமல் இழுத்துக் கட்டிச் சுரண்டிய ஏடு. ஒரு பக்கம் கொஞ்சம் மஞ்சளாக, உற்றுப் பார்த்தால் மயிர்க்கால் புள்ளிகளோடு இருக்கிறது. இறைச்சி ஒட்டியிருந்த மறுபக்கம் வெளுப்பு, மிருது. விரலை ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டே பக்கம் சொல்லலாம். உள்ளங்கையை மேலே தொடாமல் பிடித்தால் அந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்குமே ஓரம் மெல்ல வளைகிறது. பழைய கனமான புத்தகங்களுக்கு ஏன் பித்தளைக் கொக்கி போட்டு இறுக்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. அழகுக்காக அல்ல, விட்டால் தோல் தன் பாட்டுக்கு அலை அலையாய் எழும்பிவிடும்.

அங்கேயே ஒரு கடிதமும் இருந்தது. மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் வேலம்பிசினும் சேர்த்துக் காய்ச்சிய மையால் எழுதியது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தார்கள். சில எழுத்துகள் இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை. மை தாளைத் தின்றுவிட்டது. ஸ்கேன் செய்த படத்தில் இது வெறும் கறுப்பு எழுத்தாகத்தான் தெரியும்.

அப்புறம் மணம். அமர்வின் உயிர் இங்கேதான். சிறிய கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு. முதல் குப்பியில் மரக்கூழ்த் தாள்: வனிலா, லேசான பாதாம், அடியில் ஏதோ புளிப்பு. லிக்னினும், தாளின் நாரான செல்லுலோஸும் சிதையும்போது வெளியாகும் பொருள்களின் மணம் அது. 2009-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மாத்தியா ஸ்ட்ர்லிச் என்ற ஆய்வாளரின் குழு 72 பழைய தாள்களிலிருந்து கிளம்பும் ஆவியைப் பரிசோதித்து, தாள் எவ்வளவு சீரழிந்திருக்கிறது என்பதைக் காட்டும் 15 வேதிப்பொருள்களை அடையாளம் கண்டது. தாளைத் தொடாமல், ஒரு துணுக்கும் வெட்டாமல், காற்றை வைத்தே நோய் அறியலாம் என்பதுதான் விஷயம். 2017-இல் ஸ்ட்ர்லிச்சும் சிசிலியா பெம்பிப்ரேயும் பழைய நூல்களின் மணங்களை வகைப்படுத்தி ஒரு சக்கரப் படமே போட்டார்கள். எது என்று சொல்லாமல் பழைய புத்தக மணத்தை முகரக் கொடுத்தபோது மக்கள் அதிகம் சொன்ன பதில் சாக்லேட், அடுத்து காபி. அந்தச் சக்கரத்தின் படத்தை மேசையில் ஒட்டியிருந்தார்கள். குப்பியை முகர்ந்துவிட்டுச் சக்கரத்தில் சொல் தேட வேண்டும். வேடிக்கையாகத் தொடங்கி, போகப் போக மூக்கு கூர்மையாகிறது.

இரண்டாவது குப்பியைத் திறந்ததும் பக்கத்தில் நின்றவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சுத்தமான வினிகர். பழைய சினிமா, புகைப்படச் சுருள்களின் அசிட்டேட் பிலிம் சிதையும் மணம். முன்பு இருந்த நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பற்றும் என்பதால், கோடாக் அதை 1951-இல் நிறுத்தியது. அதன் இடத்துக்கு வந்த அசிட்டேட்டுக்குப் பாதுகாப்பு பிலிம் என்று பெயர். அந்தப் பாதுகாப்பு பிலிம்தான் இப்போது அசிட்டிக் அமிலம் கக்குகிறது. அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்துப் பெட்டிகளையும் தொற்றும். பெட்டிக்குள் ஒரு நீலப் பட்டையைப் போட்டு வைப்பார்களாம், அமிலம் கூடக்கூடப் பச்சையாகி மஞ்சளாகும். “பட்டை எதற்கு மேடம், மூக்கே சொல்லிவிடுமே?” என்று ஒருவர் கேட்டார். காப்பாளர் அம்மா சிரித்துக்கொண்டே, மூக்குக்குத் தெரிவதற்குள் காலம் கடந்திருக்கும், தவிர ஊழியர்கள் நாள் முழுக்க அதை முகர்ந்துகொண்டிருக்கக் கூடாது என்றார். பூஞ்சை பிடித்ததையும் நேராக முகரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பட்டறையில் நாங்கள் புத்தகத்தைத் திறந்ததும் மூக்கருகே கொண்டுபோவது வழக்கம். அதைக் கேட்டால் அவர் என்னை அந்த அறைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

அதே மேசையின் மறுமுனையில் “பழைய நூலக மணம்” என்று ஒரு வாசனைத் திரவியத்தை வைத்து, அட்டைத் துண்டில் தெளித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை எடுத்துவிடலாம். நிஜமான தாள் ஒரு முழ தூரத்தில் இருக்கும்போது செயற்கை மணம் எதற்கு? அதை முகர்ந்த பிறகு கொஞ்ச நேரம் வேறு எதுவும் மூக்கில் ஏறவில்லை என்பது தனிக் குறை.

ஒலி மேசையும் பாதிக்குப் பாதி. ஹெட்போனில் பக்கம் புரட்டும் சத்தத்தைப் பதிவு செய்து கேட்கவைக்கிறார்கள். தாள் மேசையில் அசலையே கேட்டுவிட்டு வந்தவனுக்கு இது என்ன புதுமை? ஆனால் அரக்கில் செய்த நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டையும் பின்னாளில் வந்த வினைல் தட்டையும் விரலால் மெல்லத் தட்டிப் பார்க்க வைத்தது நல்ல யோசனை. ஒன்று பீங்கான்போல ணங்கென்கிறது, மற்றது மொத்தென்று அடங்குகிறது. தட்டுகளுக்கு முன்பு ஒலியைப் பதியப் பயன்பட்ட மெழுகு உருளைகளை இசைக்கவில்லை. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் பள்ளம் தேயும், அதனால் நகலைத்தான் கேட்கலாம். 1860-இல் பிரான்சில் ஸ்காட் தெ மார்ட்டின்வில் கரிபூசிய தாளில் ஒலியின் அலைக்கோட்டைக் கீறி வைத்தார். திரும்பக் கேட்கும் நோக்கமே அவருக்கு இல்லை. 2008-இல் அந்தக் கோட்டைப் படமெடுத்துக் கணினி வழியாக ஒலியாக்கினார்கள். அந்த ஒலியை அங்கே கேட்கலாம். மங்கலாக, எங்கோ தூரத்தில் பாடுவதுபோல இருக்கிறது. ஹெட்போனுக்கு வேலை என்றால் அதுதான் வேலை.

ஓலைச்சுவடிக்கு மூலையில் சின்ன இடம்தான் கொடுத்திருந்தார்கள், அதில் எனக்கு வருத்தம். எழுத்தாணியால் கீறி, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். கரி போய்விட்ட ஓலையில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் விரல் நுனிக்கு எழுத்து தட்டுப்படும். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசிப் பாதுகாத்த ஓலை என்பதால் மூக்குக்கும் வேலை உண்டு. கட்டை அவிழ்த்து அடுக்கும்போது எழும் தட்டொலியோ தாளுக்கு வராதது. ஒரே பொருளில் இத்தனை புலனுக்கு விருந்து இருக்க, அதை ஓரமாக வைத்தது என்ன கணக்கு?

என் பெரிய மனக்குறை இன்னொன்று. பார்வையற்றோருக்காக அச்சிட்ட புடைப்பெழுத்துப் புத்தகம் ஒன்று அங்கே இருந்தது. பாரிசில் வாலந்தேன் அவுயி என்பவர் 1786-லேயே ஈரத்தாளை எழுத்தின் மேல் அழுத்திப் புடைப்பாக அச்சிட்டார். லூயி பிரெயில் தன் புள்ளி முறையை 1829-இல் வெளியிட்டார். பைண்டருக்கு இந்தப் புத்தகங்கள் சவால். வழக்கம்போல அழுத்துப்பொறியில் இறுக்கினால் எழுத்தே அழிந்துவிடும். பக்கங்கள் உப்பி நிற்பதால், முதுகுப் பக்கமும் அதே கனம் வர இடையிடையே பட்டைத் தாள் வைத்துத் தைக்க வேண்டும். விரலால் படிக்கவென்றே பிறந்த அந்தப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்! அசல் நைந்திருக்கலாம், புரிகிறது. ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துத் தொடக் கொடுத்திருக்கலாமே. மேசைகளில் இருந்த விளக்க அட்டைகள் ஒன்றில்கூட பிரெயில் இல்லை. புலன்களால் அறிவோம் என்று அழைத்துவிட்டு, பார்வையில்லாத ஒருவர் வந்தால் யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு என்ற நிலை. கருத்துப் படிவத்தில் இதைத்தான் பக்கம் நிறைய எழுதினேன்.

சுவைக்கு மேசை இல்லை, நல்லவேளை. அதற்குப் பதிலாகப் பாலிதீன் உறைக்குள் அடைத்த ஒரு பச்சை நிறத் துணி அட்டைப் புத்தகத்தைக் காட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் விரும்பிப் பூசிய மரகதப் பச்சைச் சாயத்தில் ஆர்சனிக் உண்டு. அமெரிக்காவின் வின்டர்தர் அருங்காட்சியகமும் டெலவேர் பல்கலைக்கழகமும் 2019-இலிருந்து இப்படிப்பட்ட புத்தகங்களைத் தேடிப் பட்டியலிடுகின்றன. 2024-இல் பிரான்சின் தேசிய நூலகம் இந்தச் சந்தேகத்தில் நான்கு புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் ஆட்கள் அந்த உறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகட்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஓலையை நடுவுக்குக் கொண்டுவந்து, புடைப்பெழுத்தைத் தொடவிட்டால் மீதி ஒன்றையும் தருவேன். போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அறையைக் குளிராகவே வைத்திருப்பார்கள், மெல்லிய ஸ்வெட்டர் இருந்தால் நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குப்பி மேசையைத் தவிர்த்து அழைத்துப் போவார்கள். தாள் மேசைக்கு முதலில் போய்விடுங்கள், பிற்பாடு கூட்டம் சேர்ந்துவிடும். குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்க விரும்பினால் பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள், எடுத்து வைக்கிறார்கள். தயவுசெய்து அன்றைக்கு மட்டும் சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். எனக்கு முன்னால் நின்றவர் அடித்திருந்த சென்ட்டில், மூன்றாவது குப்பியில் இருந்தது தோலா பசையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவே இல்லை.