உரும்சி போகும் அதிவேக ரயிலும் அந்தச் சுவரும்

இந்தியர்களுக்குச் சீனச் சுற்றுலா விசா 2025 ஜூலையில் மறுபடி கிடைக்கத் தொடங்கியதும் டெல்லித் தமிழர்களிடையே, வடமேற்குச் சீனாவின் சின்ஜியாங் பகுதிக்குப் போகும் லான்சோ–உரும்சி அதிவேக ரயிலைப் பற்றிய விசாரிப்பு கூடிவிட்டது. ஆர்.கே. புரமோ மயூர் விஹாரோ, கேள்வி ஒன்றுதான்: "கோபி பாலைவனத்தை ஜன்னல்லேர்ந்து நல்லா பாக்கலாமா?" வழியில் வரும் ஹாமி நகரம் வரை பெரும்பாலும் பார்க்கலாம். ஹாமி தாண்டினால் நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

1,776 கி.மீ., 2014 டிசம்பரிலிருந்து முழுத் தடமும், பதினோரு பன்னிரண்டு மணி நேரப் பயணம் என்பதெல்லாம் தேடினாலே கிடைத்துவிடும். கிலியன் மலைச் சுரங்கத்தில் ரயில் 3,600 மீட்டர் உயரத்தைத் தொடுவதும், ஜாங்யே நிலையம் தாண்டியதும் இடப்பக்கம் பனிமலை கூடவே வருவதும் அருமை. என் மனக்குறை முழுக்க ஹாமிக்கும் உரும்சிக்கும் நடுவில் வரும் காற்றுத் தடுப்புச் சுவரின் மேல்தான்.

சுவரின் உயரம் மூன்றரை, நான்கு மீட்டர். உட்கார்ந்திருப்பவரின் கண் தண்டவாளத்திலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆக, மேலே ஒரு கீற்று வானமும் கீழே சாம்பல் நிறக் கான்கிரீட்டும்தான் தெரியும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அந்தக் கான்கிரீட் வெறும் பட்டையாக ஓடிக்கொண்டே இருக்கும். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், காற்று வருவது வடக்கிலிருந்து, சுவர் நிற்பது வடக்கில், தியான்ஷான் மலைத்தொடரும் அதே வடக்கில். பார்க்க வேண்டிய பக்கத்தைத்தான் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

பாலங்களில் மட்டும் கான்கிரீட்டுக்குப் பதிலாகத் துளையிட்ட எஃகுத் தகடு. பாலம் காற்றின் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டாம் என்பதற்காகத் துளைகள். கண்ணைத் தகட்டின் மேல் வைக்காமல் தொலைவில் வைத்துப் பாருங்கள். வேகத்தில் துளைகள் ஒன்றோடொன்று கலந்து, தகடு மெல்லிய கொசுவலை மாதிரி ஆகி, அதற்குப் பின்னால் மலையின் விளிம்பு எழுந்து வரும். சில விநாடிகள்தான். பாலம் முடிந்ததும் மறுபடி கான்கிரீட்.

சுவர் இல்லாமல் முடியாதா? முடியாது. தியான்ஷானுக்கு வடக்கே தேங்கும் குளிர்ந்த, கனத்த காற்று மலை இடுக்குகளில் நெருக்குண்டு, கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் துர்பான் பள்ளத்தை நோக்கிப் பாய்கிறது. மே மாதம் டெல்லியில் அடிக்கும் ஆந்தியில், அதாவது புழுதிப்புயலில், தூசி பறக்கும். இங்கே கூழாங்கல் பறக்கும். 2006 ஏப்ரலில் பழைய தடத்தில் வந்த உரும்சி–பெய்ஜிங் ரயிலின் காற்று அடித்த பக்கத்து ஜன்னல்கள் நொறுங்கின. 2007 பிப்ரவரியில் துர்பான் அருகே தெற்கு சின்ஜியாங் தடத்தில் காற்றே 11 பெட்டிகளைக் கவிழ்த்தது, ஆட்கள் இறந்தார்கள். அதன் பிறகு வந்த இந்தத் தடத்தில் நானூறு கி.மீ.க்கு மேல் சுவர் எழுப்பி, காற்று மிக மோசமாக வீசும் ஒரு துண்டைக் கூரையோடு மூடியே விட்டார்கள். வழி நெடுகக் காற்றுமானிகள் உண்டு, காற்று ஏற ஏற ரயிலின் வேகத்தைக் குறைப்பார்கள். வசந்த காலத்தில் போனால் தாமதத்துக்கு இடம் வைத்துத் திட்டமிடுங்கள்.

இன்னொன்று. தடம் மண்மேட்டின் மேலிருந்து நிலத்தை வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி, அதற்கேற்பச் சுவரும் மாறும் இடங்களில் காற்று மறைப்பு சீராக இருக்காது. காற்று பலமாக உள்ள நாளில் அங்கே பெட்டி பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும். பெட்டிக் கோடியில் கொதிக்கும் வெந்நீர் குழாய் இருக்கிறது. சைவர்களுக்கு அதுவும் கையோடு கொண்டுபோகும் ரெடிமேட் உப்புமாவும்தான் கதி. வெந்நீரைக் கோப்பையில் முக்காலுக்கு மேல் நிரப்பாமல், மூடி போட்டு எடுத்து வாருங்கள்.

சீட் விஷயம்: இரண்டாம் வகுப்பில் ஏ, எஃப் இரண்டும் ஜன்னல். எழுத்தை வைத்துத் திசையைச் சொல்ல முடியாது, ரயில் எந்த முனையை முன்னே விட்டுக் கிளம்புகிறது என்பதைப் பொறுத்து மாறும். மேற்கே போகும்போது இடது கைப் பக்கம் தெற்கு. தப்பான பக்கம் கிடைத்துவிட்டால் பெட்டிக் கோடியில் கதவுக் கண்ணாடி அருகே போய் நில்லுங்கள், இரண்டு பக்கமும் கதவு உண்டு. டிக்கெட்டில் இருப்பது பெய்ஜிங் நேரம். உள்ளூரில் இரண்டு மணி நேரம் பின்தள்ளியும் சொல்வார்கள். கோடையில் உரும்சியில் பொழுது சாய பெய்ஜிங் நேரப்படி இரவு பத்தாகிவிடும் என்பதால் லான்சோவில் காலையில் ஏறினால் கடைசி வரை வெளிச்சம் இருக்கும். பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கி கேட் அதைப் படிக்காவிட்டால் ஆள் நிற்கும் வரிசைக்குப் போங்கள். சின்ஜியாங் நிலையங்களில் சோதனைக்கென்று கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

இவ்வளவு நியாயம் பேசியும் என் தீர்ப்பு இதுதான்: பாலைவனம் பார்க்கப் போகிறவர் உரும்சி வரை டிக்கெட் எடுக்க வேண்டாம். ஹாமியில் இறங்கி, துர்பான் வரை டிரைவரோடு கார் பிடியுங்கள். நம் லைசென்ஸ் அங்கே செல்லாது. காற்று மிஞ்சினால் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் மறுபடி ரயில் ஏறுங்கள், தென்பக்க ஜன்னலாகப் பார்த்து.