கூட்டமாய்ப் பறக்கும் கரைப்பறவைகள்: 600-ஆ, 400-ஆ, 200-ஆ?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், புக்கிட் ரோத்தானிலிருந்து ஜெராம் கடற்கரைக்கும் கோலசிலாங்கூர் அலையாத்திக் காட்டுக்கும் காலையில் போய், படமெடுத்து, பசியாறும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, கிழக்காசிய ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் வரும் உள்ளான், மூக்கன், கோட்டான் (ஆந்தையல்ல, வளைந்த அலகுள்ள கரைப்பறவை), பவளக்காலி, உப்புக்கொத்தி எல்லாம் இந்தச் சேற்றுக்கரைகளில் இறங்கி இரை தேடுகின்றன. பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் முக்கியப் பறவை வாழிடமாகப் பட்டியலிட்ட வட-மத்திய சிலாங்கூர் கரை இதுதான். காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களும் இதே கரையில்தான் இருக்கின்றன. அங்கே அனுமதியில்லாமல் நுழைய முடியாது என்பதால், கூட்டப் படத்துக்கு எத்தனை மி.மீ. லென்ஸ் என்ற இந்த அலசலில் அந்த இடம் வராது.

பறவைப் படம் என்றதும் 'எவ்வளவு நீளமான லென்ஸ்' என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கிளையில் அமர்ந்த ஒற்றை மீன்கொத்திக்கு அது சரியான கேள்வி. முந்நூறு உப்புக்கொத்திகள் ஒன்றாய் எழும்பித் திரும்பும்போது கணக்கு வேறு. அப்போது மூன்றைப் பார்க்க வேண்டும்: ஃபிரேமுக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும், முன்னால் பறப்பதிலிருந்து பின்னால் பறப்பதுவரை எவ்வளவு ஆழம் கூர்மையாக வரும், கை எவ்வளவு வேகமாகத் திரும்பும்.

மூன்று லென்ஸ், ஒரே கூட்டம்

கூட்டம் 100 மீட்டர் தள்ளிப் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புல் ஃபிரேம் கேமராவில் (36 மி.மீ. அகலச் சென்சார்) 600 மி.மீ. காட்டுவது 6 மீட்டர் அகலம், 400 மி.மீ. காட்டுவது 9 மீட்டர், 200 மி.மீ. காட்டுவது 18 மீட்டர், 100 மி.மீ. காட்டுவது 36 மீட்டர். அதைவிடச் சிறிய 1.5 மடங்கு கிராப் சென்சார் என்றால் இவற்றை ஒன்றரையால் வகுக்க வேண்டும். அப்போது 400 மி.மீ. காட்டுவது வெறும் 6 மீட்டர். நடுத்தரமான ஒரு உள்ளான் கூட்டமே 20, 30 மீட்டருக்குச் சுலபமாகப் பரவும். 600-இல் அந்தக் கூட்டத்தின் ஒரு துண்டுதான் கிடைக்கும், அதுவும் ஓரத்துப் பறவைகளின் சிறகை வெட்டிக்கொண்டு.

ஆழத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் திறப்பு சிறுக்கும், ஆழம் கூடும்.) அதே 100 மீட்டரில், புல் ஃபிரேமில், 600 மி.மீ. எஃப்/6.3-இல் கூர்மையாக வரும் ஆழம் சுமார் 10 மீட்டர். 400 மி.மீ. எஃப்/8-இல் 87 மீட்டர் தொடங்கி 118 வரை, அதாவது 30 மீட்டர். 200 மி.மீ. எஃப்/8-இல் 60 சொச்சத்திலிருந்து ஏறக்குறைய 250 மீட்டர் வரை. கூட்டத்தின் நடுப்பறவைகள் மட்டும் தெளிவாகவும் மற்றவை பஞ்சாகவும் வரும் படங்களைப் பார்த்து, ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் ஃபோகஸ் சரியாகவே விழுந்திருக்கும், ஆழம்தான் போதியிருக்காது.

இனி ஒவ்வொன்றாக.

சோனி 200-600, டாம்ரான் 150-600 ஜி2, சிக்மா 150-600 கன்டெம்பரரி போன்ற நீள ஜூம்கள் எல்லாம் 2 கிலோவை ஒட்டியவை. சோனி 2,115 கிராம், டாம்ரான் சுமார் 2,010, சிக்மா 1,930. கடல் வற்றி, பறவைகள் தொலைவில் நிற்கும் நாட்களில் இவைதான் கைகொடுக்கும். தனித்துப் பறக்கும் செம்பருந்துக்கும் இவற்றை விட்டால் வேறு இல்லை. கூட்டத்துக்கு வந்தால் இரண்டு சிக்கல்கள். சோனிபோலக் குறைந்தபட்சமே 200-இல் தொடங்கினால், கூட்டம் 60 மீட்டருக்குள் வந்து தலைக்கு மேல் திரும்பும் அந்த நல்ல நொடியில் பின்வாங்க இடம் இருக்காது. இந்த வகையில் 150-இல் தொடங்குபவை சற்று மேல். அடுத்தது எடை. பத்து நிமிடம் தூக்கிப் பிடித்தபின் கை தாழ்ந்துவிடும், கூட்டம் எழும்பும்போது லென்ஸ் ஒரு விநாடி தாமதமாகத்தான் மேலே வரும்.

100-400 வகையில் எடை பாதிக்கு இறங்குகிறது. டிஎஸ்எல்ஆருக்கான சிக்மா 100-400 கன்டெம்பரரி 1,160 கிராம். கேனன் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம்தான், ஆனால் 400-இல் அதன் திறப்பு எஃப்/8-க்கு மேல் போகாது. கூட்டத்துக்கு எப்படியும் எஃப்/8 வைக்கப் போகிறோம் என்பதால் நல்ல வெயிலில் அது குறையே இல்லை. மேகமூட்டத்தில்தான் உறுத்தும். 100-இல் கூட்டம் முழுவதையும் அலையாத்திக் கோட்டோடு சேர்த்துப் பிடிக்கலாம், 400-இல் அதே கூட்டத்தின் தலைப்பகுதியைத் தனியே எடுக்கலாம். இந்தக் கரைக்கு முதல் லென்ஸ் எது என்று கேட்டால் 100-400 என்றுதான் தயங்காமல் சொல்வோம்.

70-200 எஃப்/2.8 கையில் ஏற்கனவே இருப்பவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. பொழுது சாயும்போது கொக்குகள் வரிசையாக அடையப் போகும் காட்சிக்கு அதன் ஒளித்திறப்பு பெரிய பலம். 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் (லென்ஸின் நீளத்தைப் பெருக்கும் துணைக்கருவி) போட்டால் 98-280 எஃப்/4 ஆகும், ஃபோகஸ் வேகம் பெரிதாகக் குறையாது. 2 மடங்கு போட்டால் 140-400 எஃப்/5.6 ஆகும், ஆனால் மென்மை கூடி ஃபோகஸ் தடுமாறும். காசு மிச்சம் என்று 2 மடங்கை வாங்குவதைவிட விலை குறைந்த ஒரு 100-400-ஐ வாங்குவது நல்லது.

காலையா, மாலையா?

லென்ஸ் பேச்சு எத்தனை நீண்டாலும் படத்தைத் தீர்மானிப்பது கடல் ஏறும் நேரம்தான். வற்றியிருக்கும்போது பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் சேற்றில் சிதறிக் கிடக்கும். கடல் ஏற ஏறச் சேறு குறுகும், அவை கரையை நோக்கித் தள்ளப்பட்டு ஒன்றாய்க் கூடும். மீனவர்கள் 'ஆயர் பாசாங்' என்று சொல்லும் அந்த ஏற்றத்தின் உச்சிக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் வேலை. கடற்படையின் தேசிய நீரளவை மையம் வெளியிடும் அட்டவணையில் போர்ட் கிள்ளான் பக்கத்தைப் பார்த்தால் போதும், ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் சில நிமிட வேறுபாடே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உயரம் 5 மீட்டரைத் தொடும் அல்லது தாண்டும். ஏற்றம் 4 மீட்டரை ஒட்டியே நின்றுவிடும் நாட்களில் சேறு முழுவதும் மூடாது, பறவைகளும் எட்டவே நின்றுவிடும். அந்த நாளில் 600 வைத்திருந்தாலும் கூட்டப் படம் கிடைப்பது அரிது.

இங்கே ஒரு பயனுள்ள ஒழுங்கு உண்டு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றங்கள் இந்தக் கரையில் ஏறக்குறைய காலை, மாலை 6 மணியை ஒட்டி வருகின்றன. பிறகு நாளுக்கு நாள் முக்கால் மணி நேரம்போலத் தள்ளிப்போகின்றன. ஆகவே காலைப் படத்துக்குப் பௌர்ணமி நாளே உகந்தது என்று கிளம்பினால் உச்சி இருட்டிலேயே கழிந்துவிடும். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் போனால் உச்சி ஏழரை, எட்டு மணிக்கு அமையும், உயரமும் இன்னும் அவ்வளவு குறைந்திருக்காது. மாலைப் படத்துக்கு இதைத் திருப்பிப் போடுங்கள்: பௌர்ணமிக்கு முந்தைய நாளும் அன்றும்தான் நல்லவை.

இரண்டில் காலைதான் மேல். நம் கரை மேற்கு பார்த்தது. சூரியன் பின்னாலிருந்து, செம்பனைத் தோட்டத்தின் மேலாக எழுவதால், மரத்தலைகளைத் தாண்டிய கணமே வெளிச்சம் நேராகப் பறவைகளின் மேல் விழும். கூட்டம் திரும்பும்போது அடிச்சிறகின் வெள்ளை ஒரே நொடியில் மின்னுவது இந்த ஒளியில்தான் தெரியும். காற்றும் துணை நிற்கிறது. பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் இது இன்னும் உறுதியாக இருக்கும். அதனால் கரையில் நிற்பவருக்கு முகம் காட்டி இறங்கும். மாலையில் கடற்காற்று வீசும்போது பெரும்பாலும் முதுகுதான் கிடைக்கும். தோட்டத்துப் பெரட்டு (அதிகாலை ஆள் கணக்கெடுப்பு) நேரத்துக்கு எழும்பிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இந்தக் காலை ஒன்றும் புதிதில்லை.

காலைக்கும் ஒரு கெடு உண்டு. பத்து மணிக்கு மேல் சேறு சூடாகிக் கானல் எழும். 150 மீட்டருக்கு அப்பால் எடுத்தவையெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்ததுபோல் நெளியும். அது லென்ஸின் குறை என்று நினைத்துச் சரிபார்க்கக் கொடுத்துப் பயனில்லை. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் நாட்களிலும் அதே கதைதான்.

மாலை நிழலுருவங்களுக்கு உரியது. கடலில் விழும் சூரியனுக்கு முன்னால் கூட்டம் கறுத்துத் தெரியும். இதில் தேர்வு முக்கியம். இடைவெளி விட்டுப் பறக்கும் கொக்கு, நீர்க்காகம் அழகாக வரும். நெருக்கமாகப் பறக்கும் உள்ளான் கூட்டம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அளந்து, அந்த ஒளியளவைப் பூட்டி, பிறகு எடுங்கள். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடித் துளை வழியாக நீள லென்ஸில் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும்.

உறைய வைப்பதா, ஓட விடுவதா?

உப்புக்கொத்தி, உள்ளான் போன்ற சிறியவற்றுக்கு ஷட்டர் வேகம் 1/2000 முதல் 1/3200 விநாடி வரை. கோட்டான், கொக்கு, ஆலாவுக்கு 1/1250 போதும். காரணம் எளிது: மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகும் பறவை 1/500 விநாடியில் 3 செ.மீ. நகர்ந்துவிடும், 1/2000-இல் முக்கால் செ.மீ. மட்டுமே. லென்ஸைக் கூடவே திருப்பினால் உடல் அசைவு ஈடாகும், சிறகு நுனி ஈடாகாது. கூட்டத்தில் எல்லாம் ஒரே வேகத்தில், ஒரே திசையில் போவதும் இல்லை.

எஃப்/8, 1/2000 வைத்தால் முழு வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 500 போதும். எட்டு மணித் தாழ்வெயிலில் 1600, 2000 கேட்கும், மேகம் மூடினால் 3200-க்கு மேல். மேனுவலில் வைத்து ஆட்டோ ஐஎஸ்ஓ விடுவதா, ஐஎஸ்ஓவையும் பூட்டுவதா என்பதில், நிலையான வெயில் என்றால் பூட்டுவதுதான் சரி. கூட்டம் பளிச்சென்ற வானத்திலிருந்து கறுத்த அலையாத்திக்கு முன்னால் போகும்போது ஆட்டோ ஐஎஸ்ஓ துள்ளி, பறவையின் வெள்ளையை எரித்துவிடும். முன்கூட்டியே நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கை எடுத்துப் பார்த்து, அதன் இறகில் விவரம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

1/15, 1/30-இல் ஓட விட்டு எடுக்கும் மங்கல் படங்கள் மாலைக் கொக்குகளுக்கே பொருந்தும். ஐம்பதில் இரண்டு தேறினால் நல்ல நாள். எடுக்க வேண்டிய தெளிவான படங்களை முடித்த பிறகு இதில் இறங்கலாம்.

ஃபோகஸ்

பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி ஒற்றைப் பறவைக்கு வரம். கூட்டத்தில் அது கண்ணுக்குக் கண் தாவும், கடைசியில் பின்வரிசையில் நின்றுவிடும். ஒற்றைப் புள்ளியோ பறவைகளுக்கு இடையிலான வெற்றுவானில் விழுந்து அப்பால் ஓடிவிடும். நடு அளவு மண்டலம் ஒன்றைத் தேர்ந்து, கூட்டத்தின் முன்விளிம்பில் வைத்து, தொடர்தலின் உணர்திறனை 'மெதுவாக மாறு' பக்கம் தள்ளுங்கள். லென்ஸில் தூர வரம்புச் சுவிட்ச் இருந்தால் 10 மீட்டருக்கு அப்பால் என்று வையுங்கள். அடுக்குச் சென்சார் (படத்தை மிக வேகமாகப் படிக்கும் வகை) இல்லாத மிரர்லெஸ் கேமராவில் ஓசையில்லா ஷட்டர் வேண்டாம், சிறகுகள் வளைந்து நெளிந்து வரும். மெக்கானிக்கலே நல்லது.

கையா, காலா?

1.5 கிலோவுக்குக் கீழே கைதான். கூட்டம் தலைக்கு மேல் போகும்போது முக்காலி வழி மறிக்கும். 2 கிலோ லென்ஸுக்கு, கடலோர மண்கட்டின் மேல் நின்றால் ஒற்றைக்கால் தாங்கி (மோனோபாட்) போதும், சாயும் தலை ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். சேற்றோரத்தில் வைத்தால் அடியில் ஒரு பலகைத் துண்டு வேண்டும், இல்லையென்றால் கால் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். மண்கட்டை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள். தொடைவரை வாங்கும், கடலும் ஏறிக்கொண்டிருக்கும். குளிரூட்டிய காடியிலிருந்து எடுத்தவுடன் கண்ணாடி வியர்க்கும் என்பதால் பையை மூடியபடியே இருபது, முப்பது நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வீடு திரும்பியதும் உப்பை ஈரத்துணியால் துடைத்து, 40-50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த லென்ஸ் பழைய நிலைக்கு வருவது கடினம்.

காத்திருப்பதா, கிளப்புவதா?

இதில் ஒப்பிட எதுவும் இல்லை. கை தட்டியோ, ட்ரோன் விட்டோ, ஓடியோ கூட்டத்தைக் கிளப்புவது தவறு. கடல் ஏறியிருக்கும் நேரம்தான் அவை ஓய்வெடுக்கும் நேரம். அடுத்த பறப்புக்குச் சேர்த்த கொழுப்பை வீணாகச் செலவழிக்க வைக்கிறோம். பிடிக்கும் படமும் நன்றாக வராது, ஏனென்றால் பயந்த கூட்டம் முதுகைக் காட்டியே ஓடும். ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்து அசையாமல் இருந்தால், தண்ணீரே அவற்றை நம் பக்கம் கொண்டுவரும். பருந்து ஒன்று மேலே வட்டமிட்டால் கூட்டம் தானாகவே எழும்பும், இரண்டு மூன்று முறை திரும்பும், அதே இடத்தில் இறங்கும். உட்கார்ந்திருப்பவை இறகு கோதுவதை நிறுத்தித் தலை தூக்கினால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். குனிந்தபடி பத்தடி பின்வாங்கி மீண்டும் உட்காருங்கள், கோதத் தொடங்கும் வரை லென்ஸை உயர்த்த வேண்டாம்.