சோலாரிஸ் 10-இன் மொபைல் ஐபி ஏஜென்ட்: ஒரு மதிப்பீடு

மடிக்கணினி ஒரு சப்நெட்டிலிருந்து (நெட்வொர்க்கின் உட்பிரிவிலிருந்து) இன்னொன்றுக்குப் போய் ஐபி முகவரி மாறினால், திறந்திருக்கும் டிசிபி இணைப்புகள் அறுந்துபோகும். இதற்கு 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 2002 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த தீர்வான மொபைல் ஐபியை, சன் நிறுவனம் தன் சோலாரிஸ் இயங்குதளத்தில் 'எம்ஐபிஏஜென்ட்' என்ற டீமனாக (பின்னணியில் ஓடும் நிரலாக) வழங்கியது. கருவி வெளியே போயிருக்கும்போது அதற்கு வரும் பாக்கெட்டுகளை அதன் சொந்த சப்நெட்டில் இருக்கும் ஹோம் ஏஜென்ட் பிடித்து, அது இப்போது இருக்கும் சப்நெட்டின் ஃபாரின் ஏஜென்ட்டுக்கு டனல் வழியாக (வேறொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து) அனுப்புகிறது. கருவி தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் பதிவுச் செய்திகள் யுடிபி 434-ஆம் போர்ட்டில் செல்கின்றன.

இதை அமைப்பது எளிது. எல்லா அமைப்புகளும் ஒரே உரைக் கோப்பில் அடங்கிவிடுகின்றன. மாதிரிக் கோப்புகளும் கூடவே வருவதால் அவற்றில் ஒன்றை நகலெடுத்துத் திருத்தினால் போதும். டீமனை முறையாக நிறுத்தினால், பதிவாகியுள்ள கருவிகளின் நிலையைச் சேமித்துவைத்து மறுதொடக்கத்தில் மீட்டுக்கொள்வது மெச்சத்தக்கது.

கவனம் தேவைப்படும் இடம் ரிவர்ஸ் டனல், அதாவது கருவி அனுப்பும் பாக்கெட்டுகளை ஃபாரின் ஏஜென்ட்டிலிருந்து ஹோம் ஏஜென்ட்டுக்குக் கொண்டுபோகும் எதிர்த்திசை டனல். இயல்பாக அது அணைந்திருப்பதால், வெளியே இருக்கும் கருவி தன் சொந்த முகவரியை மூல முகவரியாக இட்டு அனுப்பும் பாக்கெட்டுகள் நேரடியாகவே கிளம்புகின்றன. தன் சப்நெட்டுக்கு உரியதல்லாத மூல முகவரியை வடிகட்டும் ரவுட்டர் வழியில் இருந்தால், அவை சத்தமில்லாமல் கைவிடப்படும். கருவிக்குப் பாக்கெட் போய்ச் சேர்கிறது, பதில் மட்டும் வருவதில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டு ஏஜென்ட்டுகளிலும் ரிவர்ஸ் டனலை இயக்கியாக வேண்டும்.

பாதுகாப்பில் எனக்கு நிறைவில்லை. பதிவுச் செய்திகளைச் சரிபார்க்கும் சாவிகளைக் கோப்பில் எழுதிவைப்பதைத் தவிர வேறு வழி தரப்படவில்லை. கருவிகள் பெருகும்போது இது நிர்வாகிக்குப் பெருஞ்சுமை. பழைய பதிவுக் கோரிக்கையை யாரேனும் மீண்டும் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க நேரமுத்திரை முறை உண்டு. கடிகார வேறுபாட்டுக்கு 300 விநாடி இடம் கொடுக்கிறார்கள் என்றாலும், கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபியைச் சரிசெய்த பிறகே அதை இயக்குவது நல்லது. ஜிஆர்ஈ என்ற வேறொரு பொதிப்பு முறையிலான டனலுக்கு ஆதரவில்லை என்பது சிலருக்கு மட்டுமே குறையாகப் படும்.

சோலாரிஸ் 10-இன் 8/07 வெளியீட்டுக்குப் பின் வந்த பதிப்புகளில் இவ்வசதி நீக்கப்பட்டுவிட்டதால், புதிய நெட்வொர்க்குக்கு இதைப் பரிந்துரைக்க இயலாது. மொபைல் ஐபியைக் கற்பிக்கும் ஆய்வகத்துக்கு இது இன்றும் ஏற்றது. ஒரே கணினியே ஹோம் ஏஜென்ட்டாகவும் ஃபாரின் ஏஜென்ட்டாகவும் இயங்க முடியும் என்பதால் பெரிய கருவித் தொகுப்பும் வேண்டியதில்லை.