ஆடிக் காற்றில் ஓர் ஆடி: ஆறு வருட அனுபவம்

எனக்கு வீடு மதுரையில், மாமனார் வீடு நாகர்கோவிலில். நடுவே 240 கிலோமீட்டர். இந்த ரோட்டில் ஆறு வருடமாக ஓர் ஆடி டிடி (Audi TT) ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 2019-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இரண்டாம் தலைமுறை, 3.2 லிட்டர் வி6 இன்ஜின், குவாட்ரோ, அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவை. வாங்கும்போது 41 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 97 ஆயிரம். மைலேஜ், சர்வீஸ் செலவு, வேகத்தடையில் அடி தட்டுவது பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறது. நான் காற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆனி, ஆடியில் கயத்தாறிலிருந்து காவல்கிணறு வரை வண்டி ஓட்டியவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல்முறை வண்டியைப் பார்த்த மாமனார் சுற்றிவந்து கூரையில் கை வைத்துப் பார்த்தார். அவர் நெஞ்சுயரம்தான். "தரையோட ஒட்டிக்கிடக்க வண்டிதானே மாப்ள, இத காத்து என்ன செய்யும்?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாதி சரி, பாதி தப்பு.

உயரம் 1.35 மீட்டர்தான். அதனால் பக்கக்காற்று தள்ளும் மொத்த விசை, மச்சினனின் ஏழு சீட்டர் வண்டியைவிட நிச்சயம் குறைவு. ஆனால் காற்று வண்டியை நடுவில் பிடித்துத் தள்ளுவதில்லை. அது அழுத்துகிற புள்ளி, எடை மையத்துக்கு முன்னால் விழுகிறது. அதனால் வண்டி நகர்வதற்கு முன்னால் மூக்கு திரும்புகிறது. ஏழு சீட்டரின் பின்பாதி சுவர் மாதிரி நிற்பதால், அந்தச் சுவரிலும் காற்று மோதி மூக்கு திரும்புவதை ஓரளவு சமன் செய்துவிடும். டிடியின் பின்பக்கம் ஆமை ஓடு போலச் சரிந்து இறங்குவதால் அங்கே காற்றுக்குப் பிடிமானம் கம்மி. போதாக்குறைக்கு வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி, இரண்டரை மீட்டருக்கும் குறைவு. மச்சினன் வண்டி காற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடும், ஆனால் சொல்லிவிட்டு ஆடும். இது ஆடாது. ஒரு விநாடியில் வெடுக்கென்று முகத்தைத் திருப்பும்.

இந்தச் சரிந்த பின்பக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. முதல் தலைமுறை டிடி 1998-இல் வந்தபோது பின்னால் ஸ்பாய்லரே கிடையாது, அதாவது வேகத்தில் காற்று பின்பக்கத்தைத் தூக்காமல் தடுக்கும் தகடு. ஜெர்மன் ஆட்டோபான் விரைவுச்சாலையில் 180-க்கு மேல் போகும்போது சட்டென்று லேன் மாறினாலோ, வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பின்பக்கம் லேசாகிச் சுழன்ற விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. அதற்குப் பிறகுதான் நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து ஒரு சின்ன ஸ்பாய்லரும், வண்டி சறுக்கினால் தானே பிரேக் கொடுத்துத் திருத்தும் இஎஸ்பியும் பொருத்தி, சஸ்பென்ஷனையும் மாற்றிக் கொடுத்தது. என் தலைமுறை வண்டியில் ஸ்பாய்லர் உள்ளேயே மடங்கியிருக்கும். 120-ஐத் தொட்டால் தானே எழும், 80-க்குக் கீழே வந்தால் படுத்துவிடும். நம் நாலுவழிச் சாலையில் உச்சவரம்பே 100 என்பதால், சட்டப்படி ஓட்டுகிறவனுக்கு அது எழவே எழாது! அதற்காகவே கியர் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் பையன்கள் கேட்டால் அமுக்கிக் காட்டுவேன்.

அந்தப் பட்டனுக்கு உண்மையில் வேலை இருக்குமோ என்று நான் யோசித்த ஒரே இடம் ஆரல்வாய்மொழி கணவாய். காவல்கிணற்றில் பிரிந்து முப்பந்தல் வழியாக நாகர்கோவில் போகும்போது, ரோட்டின் இருபுறமும் காற்றாலைக் காத்தாடிகள். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் பயப்படுவார்கள். ஆனால் இங்கே காற்று பெரும்பாலும் எதிரே வருகிறது. கணவாய்க்குள் புகுந்து வருகிற மேற்குக் காற்று, நாம் போவதும் மேற்குப் பக்கம். ஸ்பீடோமீட்டரில் 80, எதிர்காற்று 54 என்று வைத்துக்கொண்டால், வண்டியின் மேல் ஓடும் காற்றுக்கு அது 134. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் தூக்குவிசை மூன்று மடங்கை நெருங்கிவிடுகிறது. ஆனால் ஸ்பாய்லருக்குத் தெரிவது சக்கரம் சுற்றும் வேகம் மட்டுமே, அது பாட்டுக்குத் தூங்கும். நான் பட்டனை அமுக்கியும் அமுக்காமலும் பல தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். மனத்திருப்தி தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. இந்த வேகத்தில் மொத்தத் தூக்குவிசையே சொற்பம், அதில் மூன்று மடங்கு என்பதும் சொற்பம்தான்.

சிக்கல் திரும்பி வரும்போது. காவல்கிணற்றிலிருந்து வடக்கே திரும்பினால் அதே மேற்குக் காற்று இடப்பக்கம் வந்துவிடும். வேகம் 100, பக்கக்காற்று 54 என்றால் வண்டிக்குக் காற்று கிட்டத்தட்ட 28 டிகிரி சாய்வில் வந்து மோதுகிறது. அதுகூட நிதானமாக வீசினால் பிரச்சினையில்லை, ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு இடப்பக்கம் பிடித்துக்கொண்டே போய்விடலாம். காற்று விட்டுவிட்டு வந்தால்தான் வினை.

2021 ஆடி முதல் வாரம். வள்ளியூருக்கு முன்னால் இடது லேனில் ஒரு கண்டெய்னர் லாரி. வலப்பக்கமாக ஏறினேன், 105 இருக்கும். லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று நின்றது. நான் பிடித்திருந்த அந்த ஒரு விரல் திருப்பம் அப்படியே இருக்க, வண்டி லாரிப் பக்கம் போனது. நேராக்கினேன். அடுத்த மூச்சில் லாரியின் மூக்கைத் தாண்டினேன், இடப்பக்கமிருந்து யாரோ தோளில் குத்தியது மாதிரி ஓர் அடி. வண்டி மீடியன் பக்கம் பாய்ந்தது. அரளிச் செடியின் கிளை கண்ணாடியில் சடசடவென்று உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பின்பக்கம் ஒருதரம் அசைந்தது, இஎஸ்பி விளக்கு மின்னி அணைந்தது. பக்கத்தில் மனைவி எதுவும் பேசவில்லை. நாங்குநேரி வந்து டீ குடிக்கும்போதுதான், "இனிமே லாரிய முந்தாதீங்க" என்றாள்.

காற்று அடித்தது சரி. பின்பக்கம் ஏன் அசைய வேண்டும்? மறுவாரம் வண்டியின் கீழே குனிந்து பார்த்தேன். பின் டயர்களின் ஓரத்தில் நாலு இலக்கம்: 2413. 2013-ஆம் வருடத்தின் 24-ஆவது வாரம். எட்டு வருட டயர். தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள் தேயாமல் நன்றாக இருந்ததால் நானும் மாற்றாமல் விட்டிருக்கிறேன், ரப்பர் ஓரத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்கும் கோணம், அதைவிட மோசம். ஊரில் ஒரு கடையில் வருடாவருடம் காசு கொடுத்துப் பார்த்ததுதான். அவர்கள் முன் சக்கரத்தை மட்டும் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த வண்டிக்குப் பின் சக்கரமும் தனியாகச் சரிசெய்யக் கூடியது. கோயம்புத்தூரில் நாலு சக்கரத்துக்கும் கருவி மாட்டிப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் லேசாக உள்ளே பார்த்திருக்க வேண்டும். என்னுடையதில் இடது சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. நேர் ரோட்டில் காற்றில்லாமல் ஓட்டினால் தெரியாது. ஒரு தள்ளு விழுந்தால் பின்பக்கம் தானும் சேர்ந்து திரும்பும்.

நாலு டயரும் புதிது, நாலு சக்கர அலைன்மென்ட். அடுத்த வாரமே அதே ரோடு, அதே ஆடிக்காற்று. மூக்கு இப்போதும் திரும்பத்தான் செய்தது. ஆனால் பின்பக்கம் கூடச் சேரவில்லை. இரண்டு வருடமாக "இந்தக் கார் காற்றில் இப்படித்தான்" என்று நான் நண்பர்களிடம் சொல்லிவந்தது வண்டியின் குணமே இல்லை, என் சோம்பேறித்தனம்.

இன்னொன்று, இதைச் சொன்னால் மாமியார் வருத்தப்படுவார். திரும்பும்போது டிக்கியில் ஓர் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலை, மட்டிப்பழம், நாற்பது தேங்காய், சீசனில் ஒரு சக்கையும் (பலாப்பழம்) ஏறிவிடும். கனம் இருந்தால் வண்டி நன்றாக அமரும் என்று நினைப்போம். பின்னால் ஏற்றும் கனம் எடை மையத்தைப் பின்னே இழுக்கிறது, காற்று அழுத்தும் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது, இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது. மூக்கு இன்னும் சுலபமாகத் திரும்பும். ஐம்பது அறுபது கிலோவுக்குப் பெரிய விளைவு ஒன்றும் இல்லை, ஆனால் உண்டு. தேங்காயை இப்போது முன்சீட்டின் பின்னாலேயே கால்வைக்கும் இடத்தில் அடுக்குகிறேன், அந்தப் பின்சீட்டில் எப்படியும் மனிதர் உட்கார முடியாது. பின் டயருக்குக் கதவுத் தூணில் எழுதியிருக்கிற முழு லோடு அளவுக்குக் காற்று, அதுவும் காலையில் டயர் சூடேறும் முன்னால்.

ஓட்டுவதிலும் சில மாறியிருக்கின்றன. வடக்கே வரும்போது வலது லேனைப் பட்டா போட்டுக்கொண்டு ஊர்கிற லாரியை இடப்பக்கமாக முந்துவதே இல்லை. காற்று என்னை அதன் சக்கரத்துக்கு அடியில்தான் தள்ளும். இடது லேனில் போகிற லாரியை 85-க்கு இறங்கி முந்துகிறேன், மூக்கைத் தாண்டும் கணத்தில் அடி வரும் என்று கை தயாராக இருக்கும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதையும் விட்டுவிட்டேன். இறுக்கினால் காற்று அடங்கிய பிறகும் கை திருப்பிக்கொண்டே இருக்கிறது. காத்தாடிகள் முகம் காட்டுகிற திசையிலிருந்து காற்று வருகிறது என்பதால் தூரத்திலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதைவிடத் துல்லியம் முன்னால் டிவிஎஸ்ஸில் போகிறவரின் வேட்டி.

மெர்சிடிஸ் 2013-இலிருந்து சில வண்டிகளில் பக்கக்காற்று உதவி என்று ஒன்று தருகிறது. காற்று தள்ளினால் ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து நேராக்கும். என் வண்டி அந்தக் காலத்து ஆள். அதற்கு டயரும் அலைன்மென்டும்தான் உதவி. இந்த செட்டுக்கும் நாலு வருடம் ஆகிவிட்டது. அடுத்த ஆனிக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். விலை கேட்டு வைத்துவிட்டேன், வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை.