நாய்க்குத் தண்ணீர் ஃபவுண்டன்: வேலூர் வெயிலில் மூன்று கோடை ஓட்டிப் பார்த்த அனுபவம்

2022 மார்ச்சில் எங்கள் டாலிக்காக ஒரு தண்ணீர் ஃபவுண்டன் வாங்கினேன். 2,400 ரூபாய். இரண்டரை லிட்டர் தொட்டி, யூஎஸ்பி வயரில் ஓடும் ஒரு குட்டி பம்ப், மேலே பூ மாதிரி இருக்கிற மூடியிலிருந்து தண்ணீர் சுரந்துகொண்டே இருக்கும். பெட்டியின் மேல் நாய்ப் படம் சின்னதாகவும் பூனைப் படம் பெரிதாகவும் போட்டிருந்தார்கள். அதை அன்றைக்கே கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

டாலி லேப்ரடார், பெண், கருத்தடை செய்தாகிவிட்டது, 26 கிலோ. நாங்கள் இருப்பது காட்பாடி பக்கம். வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை.

ஃபவுண்டன் வாங்கக் காரணம் அதற்கு முந்தைய வருடம் நடந்தது. 2021 மே, கத்திரி வெயில் நேரம். அவளுக்குத் தண்ணீர் வைக்கிற பிளாஸ்டிக் பேசின் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும். காலையில் அங்கே நிழல், பதினோரு மணிக்கு மேல் நல்ல வெயில். நாங்கள் பேசினில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோமே தவிர யாரும் அதில் கை வைத்துப் பார்க்கவில்லை. மதியத்தில் அது குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்திருக்கிறது. இரண்டு நாள் சரியாகக் குடிக்காமல், மூன்றாம் நாள் மஞ்சளாக வாந்தி எடுத்துவிட்டு மூலையில் படுத்துக்கொண்டாள். பிஸ்கட் கவரைப் பிரித்தால் எங்கிருந்தாலும் ஓடி வருகிற நாய், தலையைக்கூடத் தூக்கவில்லை.

டாக்டர் முதலில் செய்தது, அவள் மேல் உதட்டைத் தூக்கி ஈறில் விரலை வைத்ததுதான். வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டிய இடத்தில் விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் அதே ஈறை அழுத்தி விட்டார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டுமாம், அவளுக்கு அதற்கு மேலே ஆனது. தோள்பட்டைக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டபோது அது சட்டென்று படியாமல் கூடாரம் போல நின்று மெல்ல இறங்கியது. ட்ரிப்ஸ் ஏற்றி, தோலுக்கடியிலும் கொஞ்சம் சலைன் கொடுத்து மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈறைத் தொட்டுப் பார்ப்பதை அன்றிலிருந்து நானும் பழகிக்கொண்டேன். தோலைக் கிள்ளிப் பார்ப்பதை மட்டும் முழுசாக நம்பாதீர்கள். வயதான நாய்க்கு நன்றாக இருக்கும்போதே தோல் மெதுவாகத்தான் இறங்கும், குண்டு நாய்க்கு உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் சட்டென்று படிந்து நம்மை ஏமாற்றும்.

சரி, ஃபவுண்டனுக்கு வருவோம். முதல் இரண்டு நாள் அதைப் பார்த்துக் குரைத்தாள். மூன்றாவது நாள் முன்னங்காலை உள்ளே விட்டுக் கலக்கினாள். லேப்ரடார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதுகளுக்குத் தண்ணீர் என்றால் குடிக்கிற பொருள் அப்புறம்தான், முதலில் விளையாட்டுச் சாமான். ஹாலெல்லாம் ஈரம், அம்மா ஒரு முறை வழுக்கப் பார்த்தார். அதன் பிறகு அடியில் ஒரு பெரிய தாம்பாளம் வைத்தோம். ஒரு வாரத்தில் ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்தாள். முதல் கோடையில் உண்மையாகவே அதிகமாகக் குடித்த மாதிரிதான் இருந்தது, தொட்டியைத் தினம் நிரப்ப வேண்டியிருந்தது.

அவள் குடித்ததும் சிந்தியதும் ஆவியானதும் எல்லாம் சேர்ந்த கணக்கு அது என்பது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது. நாய் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நாக்கை முன்பக்கமாக இல்லை, பின்பக்கமாக மடித்துத் தண்ணீரில் அடித்து வேகமாக மேலே இழுக்கும், கூடவே எழும்புகிற தண்ணீரை வாயை மூடிக் கவ்வும். அதில் நிறைய வெளியே தெறித்துவிடும். தாம்பாளத்தில் தேங்கியதை ஒரு நாள் அளந்து பார்த்தேன், 400 மில்லிக்கு மேல் இருந்தது.

பராமரிப்புதான் பெரிய தலைவலி. எங்கள் வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். இரண்டே மாதத்தில் பம்ப் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்துவிட்டது. டாலியின் முடி உள்ளே இருக்கிற சின்ன விசிறியில் சுற்றிக்கொள்ளும், பம்ப் முனக ஆரம்பித்தால் முடி சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். விடுகிற தண்ணீரைக் கேன் தண்ணீராக மாற்றிய பிறகு சுண்ணாம்பு குறைந்தது, வழவழப்பு குறையவில்லை. ஓடுகிற தண்ணீர் என்பதால் சுத்தமாக இருக்கும் என்று நினைத்துத்தான் வாங்கினேன். மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், அந்த நினைப்பு போய்விடும். அது கிருமிகள் ஒன்றுகூடிக் கட்டுகிற படலம், சும்மா தண்ணீர் ஊற்றி அலசினால் போகாது. ஃபில்டரை மாதம் ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள், அந்தச் செலவை வாங்கும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2023 மேயில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பினால் தொட்டி காலி, பம்ப் வெறுமனே ஓடிக் கருகியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதியம் சாப்பாடு வைத்துவிட்டுப் போயிருந்தார், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டதால் போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு பம்ப் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் அன்றைக்கே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டேன். கரண்ட் போனால் இந்த மாடலில் மேல் மூடியில் ஒரு மடக்கு தண்ணீர்தான் நிற்கும். கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கிண்ணம் வைத்ததில் ஒரு நல்லது நடந்தது, அளக்க முடிந்தது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றுவேன், நடுவில் ஊற்றுவதையும் குறித்துக்கொள்வேன், மறுநாள் காலை மிச்சத்தைத் திரும்ப அளப்பேன். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி, சாப்பாட்டில் இருக்கிற தண்ணீரையும் சேர்த்து. டாலிக்கு என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். ஆனால் சோறும் வேகவைத்த சிக்கனும் போடுகிற நாளில் அவள் கிண்ணத்திலிருந்து குடிப்பது 800 மில்லிதான். ஊருக்குப் போகும்போது கடையில் வாங்குகிற உலர் தீனி போட்டால் 1,300க்குப் போகும். அதில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான், சோற்றிலும் கறியிலும் பாதிக்கு மேல் தண்ணீர். இது தெரியாமல் "என் நாய் தண்ணியே குடிக்க மாட்டேங்குது" என்று பயப்படுகிறவர்கள் நிறைய பேர், நானும் அப்படி இருந்தவன்தான்.

அளந்து வைத்த பழக்கம் அந்த வருடம் ஆகஸ்டில் உதவியது. திடீரென்று ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க ஆரம்பித்தாள். ராத்திரியில் ஹாலிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு, ஏதோ தப்பு செய்தவள் மாதிரி சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அம்மா ராத்திரியில் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மறுநாள் நோட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினால், முதலில் திட்டு: தண்ணீரை மட்டும் எக்காரணத்துக்கும் மறைக்காதீர்கள், அவள் நிறையக் குடிப்பதால் சிறுநீர் போகவில்லை, உடம்பு சிறுநீராக வெளியேற்றுவதால்தான் குடிக்கிறாள். காரணம், அரிப்புக்காக அவரே கொடுத்திருந்த ஸ்டீராய்டு மாத்திரை. அளவை மெல்லக் குறைத்து நிறுத்தியதும் பத்து நாளில் பழையபடி ஆனாள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டிக் குடித்தால் வெயில் என்று விட்டுவிடக் கூடாதாம், சர்க்கரை, சிறுநீரகம், கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் கர்ப்பப்பையில் சீழ், இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்றார். நோட்டு இல்லையென்றால் "கொஞ்சம் ஜாஸ்தியா குடிக்கிறா சார்" என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

மண்சட்டி வந்தது 2024 கோடையில். அம்மாவின் யோசனை. மீன் குழம்பு வைக்கிற மாதிரி அகலமான சட்டி, 120 ரூபாய், பின்பக்கத்து வேப்ப மரத்தடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். முதல் நாளே ஃபவுண்டனைத் தாண்டிப் போய் அதில் குடித்தாள். சட்டியின் நுண்துளைகளில் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்ந்துவிடும், நம் ஊர்க் காய்ந்த வெயிலுக்கு அது அருமையாக வேலை செய்கிறது. நவம்பர் மழையில் அதே சட்டி பாசி பிடித்து நாறும், அப்போது எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான். சோப்பு போடாதீர்கள், மண் உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும். எங்களிடம் இரண்டு சட்டி, ஒன்று காயும்போது இன்னொன்று. ஒரு குறை, கசிவதால் இதில் அளக்க முடியாது. சந்தேகம் வருகிற வாரத்தில் மட்டும் எவர்சில்வருக்கு மாறிவிடுவேன்.

மற்ற வித்தைகளும் பார்த்தாயிற்று. சிக்கன் வேகவைத்த தண்ணீரை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்து மதியம் இரண்டு கட்டி கொடுப்பது பெரிய வெற்றி. ஆனால் அதில் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். அம்மா கை பழக்கத்தில் நாலு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டுவிட்டு, அந்தச் சட்டித் தண்ணீரை நாங்களே ரசமாக்கிக் குடித்த கதையும் உண்டு. மோர் கொடுத்தால் உப்பும் பெருங்காயமும் சேர்க்காத நீர்மோர், அதுவும் கொஞ்சம். சில நாய்களுக்குப் பால் சமாச்சாரமே வயிற்றைக் கலக்கிவிடும், டாலிக்கு ஒத்துக்கொண்டது. விதை எடுத்த தர்பூசணி என்றால் ஆளையே மறந்துவிடுவாள். திராட்சை மட்டும் ஒன்றுகூட வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நடைக்குப் போவது காலை ஐந்து மணிக்கு, கையில் பாட்டில் இருக்கும். ஓடியாடி வந்ததும் மொத்தமாகக் குடிக்க விட்டால் வாசலிலேயே வாந்தி எடுப்பாள், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். மழைக்காலத்தில் குட்டையில் வாய் வைக்க விடுவதே இல்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கும், அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். வருடா வருடம் போடுகிற ஊசியில் அதற்கும் சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஃபவுண்டன் வாங்கலாமா என்று கேட்டால், லேப்ரடார் மாதிரி பெரிய நாய்க்கு என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். அந்தக் காசுக்கு இரண்டு மண்சட்டி, வெவ்வேறு இடத்தில் வைக்க மூன்று எவர்சில்வர் கிண்ணம், ஒரு அளவு பாட்டில் வாங்கி மிச்சமும் இருக்கும். எங்கள் ஃபவுண்டன் போன ஜூனில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பூனை இருக்கிறது, கிண்ணத்துத் தண்ணீரைத் திரும்பியும் பார்க்காமல் குழாயடியில் போய் உட்கார்ந்து கத்துகிற ஜாதி. இப்போது நாள் முழுக்க ஃபவுண்டன் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறதாம்.